டீச்சர் கழுத்தில் ஒரு மைக்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கல்முனைக்குடியில் அடுத்தவன் கடைக்கு நெல் மூட்டை சுமந்து தொடங்கியவன், இன்றைக்குச் சொந்த மில்லில் மூட்டை சுமக்க ஆள் வைத்திருக்கிறேன். இறக்காமத்து வயல்களில் யானை மிதித்தது போக மிஞ்சுகிற நெல்லில் நல்ல பங்கு என் மில்லுக்குத்தான் வரும். மின்சாரக் கந்தோரில் எல்லோரையும் "ஏலாது" என்று திருப்பி அனுப்பிய காலத்தில், மில்லுக்கு லைன் இழுக்க வைத்தவன் நான். எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அன்றைக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் கதைத்தே வேலையை முடித்தேன். கடன் கேட்டுப் போன வங்கியில் மனேஜர் எழும்பி நின்று கதிரை காட்டினார். படித்தவர்கள் பலர் அந்த மனேஜருக்கு முன்னால் நின்றுகொண்டே கதைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட என்னால், பெருவிரல் அளவான ஒரு மைக்கை ஒரு டீச்சரின் கழுத்தில் ஒழுங்காகத் தொங்க வைக்க முடியாமல் போனது. அந்த ஆத்திரத்தில்தான் இதைச் சொல்லுகிறேன். எழுதுவது என் மகள். நான் சொல்லாததை எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த மைக், இந்த மகளின் இளைய பிள்ளைக்கு வாங்கியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் பின் அறையில் நானும் மனைவியும் இருக்கிறோம், ஆகவே பேத்தி வளர்ந்தது என் கண் முன்னால்தான். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் மந்தம். மில்லில் மெஷின் ஓடும்போது நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் கதைப்போம். இவள் நடக்கப் பழகுமுன்பே என் வாயை அதே மாதிரி உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். "இந்தப் புள்ள காதால கேக்கல்ல, கண்ணால கேக்குது" என்று முதலில் சொன்னவன் நான். டொக்டர் சொன்னது அதற்குப் பிறகு. மகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனாலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு காதுக்கும் மெஷின் போட்ட பிறகு வீட்டில் அவளுடைய வாயை மூட முடியாது. கோழியோடு கதைப்பாள், மீன்காரரோடு விலை பேசுவாள். வகுப்புக்குள் போனால் மட்டும் ஊமை. அதற்கும் காரணம் இருக்கிறது. அவளுடைய வகுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய வீதி. மேலே காற்றாடி. பக்கத்து வகுப்புக்கும் இதற்கும் நடுவில் அரைச் சுவர்தான். காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிப் பெரிதாக்கிக் கொடுக்கும். லொறியும் டீச்சரும் அதற்கு ஒன்றுதான். ஆகவே கொழும்பு டொக்டர் ஒரு சின்ன மைக்கைச் சொன்னார். டீச்சர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதைத்தால் அவருடைய குரல் மட்டும் நேரே பிள்ளையின் காதுக்குப் போகும். நான் அந்த இடத்திலேயே வாங்கினேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதிபர், வகுப்பு டீச்சர், வலயக் கல்விக் கந்தோரில் விசேட கல்விக்குப் பொறுப்பான மேடம், மகள், நான். பிள்ளையை முதல் வரிசையில், முன் வாங்கில் இருத்த வேண்டும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்த்துத்தான் கதைக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் மைக் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் எல்லோரும் ஓம் என்று ஒத்துக்கொண்டார்கள். நான் நன்றி சொல்லப் போக, அந்த மேடம் என்னைத் தடுத்து, "நன்றி சொல்றதுக்கு இது உதவியில்ல ஹாஜியார். இது புள்ளைட உரிமை" என்றார். அந்தக் கதை எனக்கு நன்றாகப் பிடித்தது. ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். நெல் வியாபாரத்தில் நாலு பேருக்கு முன்னால் ஓம் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மழை வந்தாலும் வெள்ளம் வந்தாலும் லொறி போய் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பேத்தியிடம் கேட்டேன்.

"டீச்சர் மைக்கப் போட்டுத்தானே படிப்பிக்கா?"

"என்ன மைக் மூத்தாப்பா?"

அடுத்த நாள் காலையில் அதிபரின் அறையில் நின்றேன்.

"சேர், மைக் எங்க?"

"பத்திரமா இரிக்கி ஹாஜியார்." அதிபர் எழும்பிப் போய் மூலையிலிருந்த இரும்பு அலுமாரியில் கையால் தட்டிக் காட்டினார். முகத்தில் நல்ல சந்தோசம்.

"பத்திரமா வெக்கிறதுக்கா வாங்கித் தந்த?"

"பெறுமதியான சாமான் ஹாஜியார். புள்ளையள் கை வெச்சி உடைஞ்சா உங்களுக்கு நாங்கதான் பதில் சொல்லணும். வலயத்தால ஆக்கள் வந்தா எடுத்துக் காட்டலாம் எண்டு வெச்சிரிக்கம்."

"வலயத்தால வாற ஆக்களுக்கா காது கேக்கல்ல?"

பக்கத்து மேசையில் இருந்த கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிபர் சிரிக்கவில்லை.

"சரி, இப்ப எடுங்க. நானே கொண்டு போய் டீச்சர்ட கையில குடுக்கன்."

"சாவி உதவி அதிபர்ட்ட. அவர் உம்ராவுக்குப் போயிரிக்கார்."

"சாவியும் மக்காவுக்குப் போயிட்டா?"

"அவர்ர சாவிக் கொத்துல கிடக்கு ஹாஜியார். என்ன செய்ய?"

பூட்டை உடைக்க ஆள் அனுப்புகிறேன் என்றேன். அரசாங்கத்து அலுமாரி, உடைத்தால் விசாரணை வரும் என்றார்கள். உதவி அதிபர் நல்ல மனிதர், ஹஜ்ஜும் உம்ராவும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய பாக்கியம், அதில் எனக்கு ஒரு கதையும் இல்லை. ஆனால் அவர் கஃபாவைச் சுற்றி வரும் நாளெல்லாம் என் பேத்தி வகுப்பில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பி வந்து, ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் பழத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்டேன்.

அடுத்த நாளிலிருந்து டீச்சர் மைக் போட்டார். அதிபரே ஃபோன் எடுத்துச் சொன்னார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கொப்பியில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்வதெழுதல் அன்று ஒன்று இரண்டு சொல் இருக்கும், மற்ற இடமெல்லாம் வெறுமை. பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து எழுதியதென்று சிவப்பு மையில் கோடு வேறு. நான் பேத்தியை மடியில் இருத்திக் கேட்டேன்.

"டீச்சர் கதைக்கிறது கேக்கல்லயா?"

"கேக்குது. ஆனா டீச்சர்ட கழுத்துக்குள்ள கடல் இரிக்கி."

"கடலா?"

"ஓம். ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... எண்டு அலை அடிச்சிக்கொண்டே இரிக்கி. அதுக்குப் பின்னுக்குத்தான் டீச்சர் கதைக்கிறா."

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அவள் கடலைப் பற்றிச் சும்மா சொல்லமாட்டாள். மெஷினில் பழுது என்று நினைத்தேன். மில்லில் எந்த மெஷின் ஸ்ஸ் என்று இரைந்தாலும் பெயாரிங் போய்விட்டதென்று அர்த்தம். மருமகனைக் கொழும்புக்கு அனுப்பினேன். அவர்கள் மைக்கைச் சோதித்து, "பழுது ஒண்டும் இல்ல, நல்லா வேல செய்யுது" என்று திருப்பித் தந்தார்கள். நான் நம்பவில்லை. திரும்பவும் அனுப்பினேன். திரும்பவும் அதே பதில்.

இதற்குள் தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது. அதிபர் மகளையும் என்னையும் வரச் சொன்னார். மிச்சம் மரியாதையாகக் கதைத்தார். அதிலேயே எனக்குப் பயம் பிடித்தது.

"ஹாஜியார், நாங்க செய்ய வேண்டியதெல்லாம் செய்யிறம். முன் வாங்கு குடுத்திரிக்கம், டீச்சர் மைக் போடுறா. ஆனாப் புள்ளைக்கு முன்னேற்றம் இல்ல. காது கேக்காத புள்ளையள்ற பள்ளிக்கூடம் வெளியூர்ல ஒண்டு இரிக்கி. விடுதியும் இரிக்கி. வருசம் முடிய அங்க சேத்தா புள்ளைக்கு நல்லம்."

மகள் அங்கேயே அழத் தொடங்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. கையால் கதைத்துப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் இவள் கோழியோடு கதைக்கிற பிள்ளை. உம்மாவை விட்டு ஓர் இரவு இருந்தறியாதவள். கேட்கிற காதையும் கதைக்கிற வாயையும் வைத்துக்கொண்டு, ஒத்துக்கொண்ட வேலையை ஒரு பள்ளிக்கூடம் ஒழுங்காகச் செய்யாததற்காக அவள் ஏன் விடுதிக்குப் போக வேண்டும்?

"வருசம் முடிய இன்னும் நாள் இரிக்கி சேர்" என்று மட்டும் சொன்னேன். "நான் ஒருக்கா வகுப்பப் பாக்கணும்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வகுப்பில் ஓடுகிற காற்றாடி நான் வாங்கிக் கொடுத்தது.

வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். டீச்சர் கலியாணம் முடிக்காத இளம் பிள்ளை. நல்ல பிள்ளை, கூட்டத்திலும் அடக்கமாக இருந்தவர். எங்கள் ஊர் டீச்சர்மாரைப் போல நீளமான ஹிஜாப் அணிந்திருந்தார், தலையிலிருந்து நெஞ்சைத் தாண்டி இறங்கியது. கழுத்தோரம் மைக்கின் கறுப்பு நாடா கொஞ்சம் தெரிந்தது. மைக் தெரியவில்லை. அது துணிக்குள் கிடந்தது. அவர் தலையைத் திருப்பும்போது துணி அசைந்தது. கையைத் தூக்கிப் பலகையைக் காட்டும்போது துணி உரசியது. முன் வாங்கில் என் பேத்தி கண்ணை இமைக்காமல் டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் எங்கே இருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சந்தோசத்தோடு அதிபரின் அறைக்கு நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. இதை எப்படிச் சொல்வது? ஒரு குமர்ப்பிள்ளையிடம் போய், உங்கள் நெஞ்சுத் துணிக்குள் இருப்பதை வெளியே எடுங்கள் என்று இந்த வயதில் நான் சொல்வதா? எஞ்சினியரோடும் வங்கி மனேஜரோடும் கதைத்த வாய்தான் இது. இதற்கு வாய் வரவில்லை. சரி, அதிபர் இருக்கிறார்தானே என்று உள்ளே போனேன்.

"சேர், மைக் துணிக்குள்ள கிடக்கு. துணி உரசுற சத்தம்தான் புள்ளைக்குக் கேக்குது. அத வெளியால போடச் சொல்லணும்."

அதிபர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு சொல்ற?"

"நீங்கதான். நீங்கதானே அதிபர்."

"ஹாஜியார், யோசிச்சிக் கதைங்க. குமர்ப்புள்ள. நான் கூப்பிட்டு இதச் சொன்னா, வாற வெள்ளிக்கிழம பள்ளிவாசல்ல என்னப் பத்தித்தான் பயான் நடக்கும்."

"தம்பி, இதுல என்ன பிழை இரிக்கி?" கோபம் வந்தால் நான் யாரையும் சேர் என்று கூப்பிட மாட்டேன்.

"பிழையில்லாட்டி நீங்க சொல்லுங்களன்."

வலயத்து மேடத்தைக் கூப்பிடச் சொன்னேன். முழு வலயத்துக்கும் அவர் ஒருவர்தான், அடுத்த மாதம்தான் இந்தப் பக்கம் வருவார் என்றார். வேறு டீச்சர் ஒருவரைக் கொண்டு சொல்ல வைக்கலாமே என்றேன். அப்படிச் சொன்னால் ஆசிரியர் அறையில் கதை வேறு மாதிரிப் போகும் என்றார். இரண்டு ஆண்கள், ஊரில் கண்டால் நாலு பேர் எழும்பி நிற்கிற ஆட்கள், ஒரு முழத் துணிக்கு முன்னால் மாட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கைவேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, நான் முதல்லயே கேட்டன், நான் ஒருக்கா டீச்சரோட கதைக்கட்டா எண்டு. 'நீ சும்மா இரி, கதைக்கிறதுக்கு நான் இரிக்கன்' எண்டீங்க."

"இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லு."

"நீங்க ஊட்டுல இரிங்க. அதான் செய்யணும்."

இந்த இடத்தை எழுதும்போது அவள் சிரித்ததையும் நான் கண்டேன்.

அடுத்த நாள் அவள் தனியாகப் போய் டீச்சரைச் சந்தித்தாள். வந்து சொன்னதைக் கேட்க எனக்கு டீச்சர் மேலிருந்த கோபம் போய் வேறு பக்கம் திரும்பியது. முதல் நாள் டீச்சர் மைக்கை வெளியில்தான் போட்டிருக்கிறார். பின் வாங்குப் பொடியன்மார், "டீச்சருக்கு மணி கட்டியிரிக்கிடா, மாட்டுக்குக் கட்டுற மாதிரி" என்று சிரித்திருக்கிறார்கள். பக்கத்து வகுப்புச் சேர் அரைச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ரேடியோ ஸ்டேசன் தொறந்திட்டீங்களா? எங்களுக்கும் ஒரு பாட்டுப் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுத் துணிக்குள் போட்டுக்கொண்டது.

"அவ கழட்டல்ல வாப்பா" என்றாள் மகள். "போடச் சொன்னாங்க, போட்டிரிக்கா. துணியால மூடினா கேக்காது எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

மைக்கைக் கொடுத்துவிட்டு, எப்படிப் பாவிப்பது என்று சொல்லாமல், ஒத்துக்கொண்டதாகக் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார்கள். மகள் தன்னுடைய ஹிஜாப் ஊசி ஒன்றைக் கழற்றி, மைக்கை நாடாவிலிருந்து எடுத்து, டீச்சரின் தோளுக்குக் கிட்ட, துணிக்கு மேலால், புரோச் குத்துவது போலக் குத்திக் காட்டியிருக்கிறாள். பெண்கள் இரண்டு பேர் கொஞ்ச நேரத்தில் முடித்த வேலை.

அன்று பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"மூத்தாப்பா! டீச்சர்ட குரல் மெல்லிசு!"

டீச்சர் எப்படித் தொண்டையைச் செருமுவார், கேள்வி கேட்டுவிட்டு எப்படி 'ம்ம்?' என்று இழுப்பார், எல்லாம் செய்து காட்டினாள். ஒரு வருசத்தில் முக்கால்வாசி போன பிறகு அவள் தன் டீச்சரின் குரலைக் கேட்டிருக்கிறாள். நான் சிரித்தேன். மனைவி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொப்பி நிறையத் தொடங்கியது. வருசக் கடைசியில் அதிபர் வெளியூர்க் கதையை எடுக்கவில்லை. "அடுத்த வகுப்பையும் பாப்பம் ஹாஜியார்" என்றார். பாப்பம் என்றால் விட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரியும், நானும் வியாபாரிதான்.

இந்த வருசம் புது வகுப்பு, புது ஆசிரியர். ஆண். துணிப் பிரச்சினை இல்லை, சேர்ட் கொலரில் குத்தினால் சரி என்று நினைத்துப் போனேன்.

"எனக்கு மைக் தேவையில்ல ஹாஜியார்" என்றார் அவர். "என்ட குரல் மூணு வகுப்புக்குக் கேக்கும்."

"மூணு வகுப்புக்குக் கேக்கும் தம்பி. அவளுக்குக் கேக்காது. அதுதானே கதை."

"நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக் கதைக்கன்."

சத்தம் கூடினால் காற்றாடியும் லொறியும் குறைந்துவிடுமா? நேரே அதிபரிடம் போனேன். புது ஆசிரியருக்குப் பழைய கூட்டத்தில் கதைத்தது தெரியாது, இன்னொரு கூட்டம் போட வேண்டும், அதற்கு வலயத்து மேடம் வர வேண்டும் என்றார். கூட்டத்தில் ஓம் என்றது அந்த டீச்சர் மட்டுமா, பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன். "பள்ளிக்கூடம்தான், ஆனா நடைமுறை எண்டு ஒண்டு இரிக்கே" என்றார்.

பிறகு ஒரு நாள் அந்தப் புது ஆசிரியரை மீன் சந்தையில் கண்டேன். அவராகவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார்.

"உங்கட பேத்தி பொல்லாத ஆள் ஹாஜியார். காலையில என்ட மேசைக்குக் கிட்ட வந்து மைக்க நீட்டிக்கொண்டு நிக்கா. போய் இரி எண்டா இரிக்கா இல்ல. மத்தப் புள்ளையள் சிரிச்சாலும் நிக்கா. நான் மைக்கக் கொலர்ல குத்தினாத்தான் வாங்குக்குப் போறா. உங்கட ரத்தம்!"

வேறு எவன், வேறு எதற்கு அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் அங்கேயே அவனுக்கு ஒரு பாரை மீன் வாங்கிக் கொடுத்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒவ்வொரு நாளுமா நிக்கா?"

"ஓம். நான் கணக்கப் பலகையில எழுதி முடியுமட்டும் பொறுமையா நிக்கா. கெட்டிக்காரி."

அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள் கணக்கைச் செய்யத் தொடங்கும்போது அவள் இன்னும் மேசையடியில் நிற்கிறாள். நான் மீனை வாங்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபரிடம் சொன்னேன்.

"அதான் மைக் போடுறாரே ஹாஜியார்" என்றார் அவர். "பிரச்சின முடிஞ்சிதானே. இனி என்னத்துக்குக் கூட்டம்?"

"அவர் போடல்ல சேர். அவள் போட வெக்கிறாள். நாலு பெரியாக்கள் இரிந்து ஓம் எண்ட வேல அது. அவள்ற வேல இல்ல. அவளுக்கு ஒரு நாளைக்குக் காய்ச்சல் புடிச்சி, மத்த நாள் நிக்க ஏலாமப் போனா? சிரிக்கிற புள்ளையளுக்கு வெக்கப்பட்டு இனி நிக்கல்ல எண்டு இருந்திட்டா?"

அதிபர் கலண்டரைப் புரட்டினார். மேடத்துக்கு எந்த நாள் வசதி என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இப்பவே கேளுங்கள், நான் இருக்கிறேன் என்றேன்.